மூன்றாவது திருகாணி

மடக்குக் கத்தியின் கைப்பிடியில் மூன்று திருகாணிகள் இருந்தன. இரண்டு, திருப்புளியை வைத்துத் திருகியதும் சமர்த்தாகக் கழன்று வந்துவிட்டன. அவற்றைத் தனசேகரன் ஒரு சிமிழ் மூடியில் போட்டு, குழந்தைக்கு எட்டாமல் தறிக் கம்பத்தின் மேல் வைத்தான். அலகு மடங்கித் திரும்பும் இடத்தில் இருந்த மூன்றாவது மட்டும் அசையவில்லை. அவன் அழுத்தித் திருகத் திருக, அதன் தலையில் இருந்த காடிதான் தேய்ந்துகொண்டே போனது. காலையில் தெளிவான கோடாக இருந்தது, பத்து மணி வாக்கில் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாமல் வழவழவென்று ஆகிவிட்டது. திருப்புளி வழுக்கி இடது கைப் பெருவிரலில் இரண்டு இடத்தில் கிழித்திருந்தது. தறியில் பாதி நெய்த சேலை அப்படியே கிடந்தது.

கத்தி அவனுடையது இல்லை. மனைவி தேவகியின் அண்ணன் சிட்டிபாபுவுடையது. சிட்டிபாபு பம்பாய்க்கு லாரி ஓட்டுகிறவர். அங்கே வாங்கிய கத்தி அது. மான்கொம்புக் கைப்பிடி, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. ஆரஞ்சுப் பழத்தை அதில் தோல் உரித்தால் சுருள் அறுபடாமல் முழங்கை நீளத்துக்குத் தொங்கும். அதைச் செய்து காட்டாமல் அவர் எந்த வீட்டிலும் பழம் சாப்பிட்டதில்லை. சித்திரையில் எல்லோருமாகத் திருமுக்கூடலுக்குப் போயிருந்தபோது, வெள்ளரிக்காய் நறுக்குவதற்காகத் தனசேகரன் அதை வாங்கினான். ஆற்று மணலில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தவன் கை தவறித் தண்ணீரில் போட்டுவிட்டான். எடுத்து வேட்டியில் துடைத்து மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டவன், திருப்பிக் கொடுக்க மறந்துபோனான். சிட்டிபாபு அன்று சாயங்காலமே லாரி ஏறிவிட்டார். கத்தி, சமையலறை மாடத்தில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. "வியாழக்கெழம அண்ணன் வராரு, கத்தியை எடுத்து வைக்கச் சொன்னாரு" என்று லாரி கிளீனர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகுதான் தனசேகரன் அதை எடுத்துப் பார்த்தான். மடங்கின கத்தி மடங்கினபடியே இருந்தது. நகம் பிய்ந்ததே தவிர அலகு வெளியே வரவில்லை.

வேறு யாருடைய பொருளாக இருந்தாலும் அவன் இவ்வளவு பதறியிருக்க மாட்டான். பெண் பார்க்க வந்த நாளில், "தறிக்குழியில கால உட்டுக்கினு உக்காந்திருக்கறவனுக்கு உலகம் இன்னா தெரியும்" என்று சிட்டிபாபு கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. சொன்னாரோ இல்லையோ, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேச்சு தனசேகரனுக்குள் கிடந்தது. சிட்டிபாபு வீட்டுக்கு வந்தால் அவன் தறியை விட்டு எழுந்து நின்றுகொண்டுதான் பேசுவான்.

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த முனுசாமியிடம் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினான். முனுசாமி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"துரு புடிச்சி இறுகிக்கினு இருக்குதுபா. கிருஷ்ணாயில் ரெண்டு சொட்டு உட்டு அப்படியே வச்சிடு. நாளைக்கு இந்நேரம் லேசா ஒரு தட்டு தட்டினா அதுவே வரும். இன்னிக்கு நோண்டாத."

"நாளைக்கு என் மச்சான் வந்துடுவாருங்க."

"வந்தா இன்னா? டீ வாங்கிக் குடுத்து உக்கார வை."

கிளம்பும்போது, இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடின் உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டான் தனசேகரன். தலையில் புதிதாக ஒரு காடி அறுத்துக்கொண்டால் திருப்புளிக்குப் பிடிமானம் கிடைக்கும் என்று முனுசாமியே சொன்னார். ஆனால் எண்ணெய் ஊறின பிறகு என்றும் சொன்னார். அந்தப் பின்பாதி தனசேகரன் காதில் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் விட்டான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பிளேடை எடுத்தான். தேவகி, தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஒரு பாவுல எத்தினி இழை அறுந்தாலும் ஒண்ணொண்ணா எடுத்து முடிச்சுப் போடறீங்க. மொகம் சுளிக்கறதில்ல. இந்த ஒத்த ஆணிக்கு இன்னாங்க இவ்ளோ அவசரம்?"

"உங்க அண்ணன் வந்து கேட்டா நீ பதில் சொல்றியா?"

அவள் மறுபடி ராட்டினத்தைச் சுற்றினாள். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்ட சத்தம் கேட்டது. குழந்தையைச் சுவரோரமாகப் பாயில் உட்கார வைத்து, ஒரு காலி நூற்கண்டைக் கையில் கொடுத்து, "அலமுவப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்துடன் போனாள்.

அலமுவுக்குப் பத்து மாதம். தேவகிக்குப் பிள்ளையே இல்லை என்று தெரு முடிவு கட்டிவிட்ட பிறகு பிறந்தவள். தவழத் தொடங்கியிருந்தாள். கீழே இரண்டு பற்கள் வந்திருந்தன.

தனசேகரன் கத்தியைக் காலடியில் வைத்து மிதித்துக்கொண்டு திருகாணியின் தலையில் குறுக்கே அறுத்தான். வெள்ளை வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது. புதுக் காடி பளிச்சென்று தெரிந்தது. திருப்புளியை அதில் வைத்து, அதன் கம்பியைக் குறடால் பிடித்து, உடம்பின் கனத்தையெல்லாம் தோளில் இறக்கித் திருகினான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பல்லைக் கூசவைக்கும் ஒரு சத்தத்துடன் அது நகர்ந்தது. காலையிலிருந்து அவன் பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. இன்னொரு சுற்று. இன்னொன்று. கடைசிச் சுற்றுக்குத் திருப்புளியே தேவைப்படவில்லை. நகத்தால் நெம்பினான். உள்ளே அழுந்திக் கிடந்த வில்தகடு அந்த நேரம் பார்த்து விடுபட்டது. கைப்பிடி இரண்டாகப் பிரிந்தது, அலகு தனியாக விழுந்தது, திருகாணி துள்ளி எங்கோ போனது.

அது போனதைப் பற்றி அவன் உடனே கவலைப்படவில்லை. அலகைக் கையில் எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். மேலாகத்தான் துரு. உப்புத்தாள் போட்டால் போய்விடும். நாளைக்கு மச்சான் கையில் புதுசு மாதிரி கொடுக்கலாம். அதற்கப்புறம்தான் திருகாணியைத் தேடினான். தறிக்குழிக்குள் இறங்கிக் கையால் துழாவினான். மிதிகட்டைக்கு அடியில் பார்த்தான். பாயைத் தூக்குவதற்காகத் திரும்பியபோது அலமுவின் வாய் அசைவது தெரிந்தது. எதையோ நாக்கால் புரட்டுகிறவள் மாதிரி முகத்தைச் சுளித்தாள். கண்ணில் நீர் கோத்தது. ஒருமுறை விழுங்கினாள். பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

தேவகி குடத்துடன் உள்ளே வந்தபோது அவன் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தான். குழந்தை வீறிட்டு அழுதது. "ஆணி" என்று மட்டும் சொன்னான். தேவகி குடத்தை இறக்கி வைத்தாள். குழந்தையை வாங்கி அதன் வாயருகே மூக்கை வைத்துப் பார்த்தாள். பால் வாடை மட்டுமே வருகிற வாயில் மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது.

பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் ஓடிவந்தாள். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டச் சொன்னாள். வாழைப்பழம் ஊட்டச் சொன்னாள். விளக்கெண்ணெய் எடுத்து வரட்டுமா என்று கேட்டாள்.

"எதுவும் வேணாம்க்கா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள் தேவகி.

போறேன் என்றுதான் சொன்னாள். போலாம் என்று சொல்லவில்லை. தனசேகரன் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி, ரிக்‌ஷாவில் அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். வழியெல்லாம் அவள் குழந்தையின் நெஞ்சில் கையை வைத்து மூச்சை மட்டுமே கவனித்துக்கொண்டு வந்தாள்.

எக்ஸ்ரே அறையில் அலமுவைச் சில்லென்ற மேசையில் படுக்க வைத்து, அவன் கைகளையும் தேவகி கால்களையும் பிடித்துக்கொண்டார்கள். ஈரம் சொட்டும் படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, அவர் விரல் வைத்துக் காட்டும் முன்பே தனசேகரன் பார்த்துவிட்டான். புகைபோல் மங்கலாகத் தெரிந்த அந்தச் சின்ன உடம்புக்குள், திருகாணி மட்டும் மரைச்சுற்றுகள் உட்படத் துல்லியமாகத் தெரிந்தது.

"வயித்துக்கு எறங்கிடுச்சு. மூச்சுக்குழாய்க்குப் போகாம இருந்ததே பெரிய விஷயம்" என்றார் டாக்டரம்மா. "முனை கூர்மையா இருக்குமா?"

"முனை மொட்டைங்க" என்றான். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "தலையிலதான், நான் பிளேடு வச்சிக் காடி அறுத்தேன். பிசிறு இருக்குங்க."

தேவகி அவன் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையின் கால்சட்டை நாடாவை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடியும் முடிச்சுப் போட்டாள்.

டாக்டரம்மா படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த அளவு சாமான் பெரும்பாலும் தானா வெளிய வந்துடும். எப்பவும் குடுக்கற சோறு, பருப்பு, பால் எல்லாம் குடுங்க. பேதிக்கு மட்டும் எதுவும் குடுக்காதீங்க. அவசரப்படுத்தினா கெடுதல். வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பினாலோ, ரத்தம் போனாலோ அந்த நிமிஷமே தூக்கிட்டு வாங்க. ஒவ்வொரு தடவையும் வெளிக்குப் போறதக் கரைச்சுப் பாக்கணும். ஒருத்தரே பாருங்க. ஆளுக்கு ஒருதடவ பாத்தா விட்டுடுவீங்க. யாரு பாப்பீங்க?"

"அவரு பாப்பாரு" என்றாள் தேவகி.

வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டது தனசேகரன்தான். மெட்ராஸுக்கு எழுதித் தருகிறேன், அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்றார் டாக்டரம்மா.

மறுநாள் சிட்டிபாபு வந்தபோது தனசேகரன் எழுந்து நின்றான். கத்தியின் துண்டுகளைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தான். அதை நீட்டிக்கொண்டே நடந்தது முழுவதையும் சொன்னான், தண்ணீரில் போட்டது முதல் காடி அறுத்தது வரை. சொல்லி முடித்தால் அடி விழும் என்று நினைத்தான். விழுந்தாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது. சிட்டிபாபு பொட்டலத்தை வாங்கிப் பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நேரே உள்ளே போய்த் தூளியில் தூங்கிய குழந்தையைக் குனிந்து பார்த்தார். அவ்வளவு பெரிய ஆள், தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அப்படியே நின்றார். வெளியே வந்து, "பால் குடிச்சாளா?" என்று தங்கையிடம் கேட்டார்.

"குடிச்சாண்ணா."

"வலிக்குதுன்னு அழுவறாளா?"

"இல்லண்ணா. சிரிச்சிக்கினுதான் இருக்கறா. அதான் எனக்கு பயமா இருக்குது."

அவர் லாரி செட்டுக்கு ஆள் அனுப்பி, தனக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். தறிக்கு எதிரே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. தனசேகரன் தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. தேவகி அவனிடம் நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். "அலமு, உங்கப்பாவத் தண்ணி எடுத்தாரச் சொல்லு" என்று குழந்தையிடம் சொல்வாள். அவன் போய்த் தண்ணீர் எடுத்து வருவான். அதுவரை குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிறகு மட்டுமே தூக்கிப் பழகியவன் அவன். இப்போது ஒவ்வொரு துணியையும் அவனே புழக்கடைக்கு எடுத்துப் போனான். ஓரம் பெயர்ந்த பழைய பீங்கான் தட்டு ஒன்றில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, துடைப்பக் குச்சியால் கரைத்துப் பார்த்தான். முதல்முறை குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது முறை குமட்டவில்லை. அதற்கப்புறம் நாற்றம் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது. பட்டு இழைகளுக்கு நடுவே அறுந்த ஒன்றைத் தேடுகிற அதே கண்களால் தேடினான். கீரை நார், பருப்புத் தோல், எப்போதோ விழுங்கியிருந்த ஜரிகைப் பிசிறு ஒன்று. திருகாணி இல்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே வந்து தலையை மட்டும் ஆட்டுவான். தேவகி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

சிட்டிபாபு முதலில் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு கதவருகே நின்று பார்த்தார். பிறகு நாலு அடி தள்ளி நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஓரம் பாரு மாப்ள. கறுப்பா."

"கத்தரிக்கா விதை மச்சான்."

"இது?"

"அதுவும் விதைதான்."

"இத்தினி விதை தின்றாளா ஒரு கொழந்த" என்றார் சிட்டிபாபு.

அவர் சொன்ன விதத்தில் தனசேகரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிட்டிபாபு தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "கதவாண்ட உட்ட லாரிய ரிவர்ஸ் எடுத்து, பெத்த புள்ளை மேல ஏத்த இருந்தவன் நான். ஒரு ஜாண்ல தப்பிச்சுது. எங்க வூட்டுல யாருக்கும் தெரியாது" என்றார். சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துத் தட்டில் தண்ணீர் ஊற்றினார்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு படம் எடுத்தார்கள். திருகாணி வயிற்றை விட்டு இறங்கி, இடுப்பெலும்புக்கு மேலே வலதுபக்கமாகக் கிடந்தது. "நல்லா வந்துக்கிட்டு இருக்குது" என்று டாக்டரம்மா சொன்னபோது தேவகி முதல் தடவையாகச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஆனால் அன்றும் அதற்கு மறுநாளும் குழந்தை வெளிக்கே போகவில்லை. வயிறு உப்பியிருக்கிறதா என்று மூன்று பேரும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தார்கள். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. சம்பூர்ணம் விளக்கெண்ணெய்க் கிண்ணத்துடன் வந்தாள். தனசேகரன் எழுந்து வாசலிலேயே அவளை மறித்து, "வேணாம்க்கா, அதுவா வரட்டும்" என்றான். உள்ளே தேவகி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த காலையில் சின்ன மழை பெய்து நின்றிருந்தது. புழக்கடையில் முருங்கை மரம் சொட்டிக்கொண்டிருந்தது. தனசேகரன் தட்டைச் சாய்த்துக் கலங்கல் தண்ணீரை வடித்தான். தட்டில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. முருங்கைக்காய் விதையும் அப்படிச் சத்தம் போடாது, கல்லும் போடாது. அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே எடுத்தான். செம்பில் கழுவினான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"இன்னா மாப்ள?" என்றார் சிட்டிபாபு. அவன் கையை நீட்டினான். அவர் எட்டிப் பார்த்தார். "அதுதானா? நல்லாப் பாரு."

"என் கையால அறுத்த காடி மச்சான். எனக்குத் தெரியாதா."

தேவகியைக் கூப்பிட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. சத்தம் இல்லாமல் இருந்ததைக் கேட்டுத்தான் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள், புருஷன் கையைப் பார்த்தாள். குழந்தையை அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் திருகாணியை எடுத்தாள். காடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினாள். பிசிறு இருந்தது. அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சிட்டிபாபு, குழந்தை பார்க்கக்கூடாது என்பது போல் அதன் முகத்தை முருங்கை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அழுது முடித்ததும் தேவகி எழுந்தாள். திருகாணியை வீசியெறிந்தாள். அது மதிலைத் தாண்டிப் பின்பக்கத்துச் சாக்கடையில் போய் விழுந்தது.

"அது இல்லாம கத்திய எப்படிப் பூட்டறது?" என்றான் தனசேகரன், தன்னை அறியாமல்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது தேவகிதான். சிட்டிபாபு சிரித்த சிரிப்பில் தோளில் இருந்த குழந்தை குலுங்கியது. அடுத்த வீட்டுப் புழக்கடையிலிருந்து சம்பூர்ணம், "வந்துட்டுதா?" என்று கேட்டாள். "வந்துட்டுதுக்கா" என்று தனசேகரன் பதில் சொன்னான். அந்தக் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

தேவகி அவனைப் பார்த்து, நேராக அவனைப் பார்த்து, "சோப்பு போட்டுக் கையக் கழுவிக்கினு வாங்க. சோறு ஆறிப்போவுது" என்றாள்.

மூன்று பேரும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இத்தனை நாளும் ஒருவரும் வயிறு நிறையச் சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. வெறும் ரசமும் அப்பளமும்தான். சிட்டிபாபு மூன்றாவது தடவை சோறு கேட்டார். பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரில் யாரோ நெல்லுக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தனசேகரன், அன்று மத்தியானமே தறியில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். மச்சான் எதிரிலேயே உட்கார்ந்து நெய்யலாம்.

அலமு தேவகியின் மடியிலிருந்து நழுவி இறங்கி, தட்டுகளுக்கு நடுவே தவழ்ந்தாள். தரையில் எதையோ கண்டு நின்றாள். குனிந்து, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து, மிகுந்த கவனத்துடன் அதை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு பருக்கைச் சோறு. மூன்று பேர் கைகளும் தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டன. அலமு அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, பருக்கையை வாயில் போட்டு, மெதுவாக மெல்லத் தொடங்கினாள்.